ஊசி போட்ட பிறகும் ஏன் வந்தது?

இரண்டு தவணையும் முடித்து ஆறேழு மாதம் ஆன நிலையில் என் பெரியம்மாவுக்குக் கொரோனா வந்தது. அது ஒமைக்ரான் அலை வீசிய நேரம். ஐந்து நாள் காய்ச்சலும் இருமலுமாகப் படுத்திருந்து எழுந்துவிட்டார். உடம்பு தேறியதும் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று சொன்னார்களே, அப்படியானால் நான் மிச்சமுள்ள அந்த ஐந்து பேரில் ஒருத்தியா?" குரலில் கோபத்தைவிட வருத்தமே அதிகம் இருந்தது. கொடுத்த வாக்கை யாரோ மீறிவிட்டதைப் போலப் பேசினார்.

"அப்படி இல்லை பெரியம்மா, அந்தக் கணக்கு வேறு" என்று அன்றைக்கு மழுப்பிவிட்டேன். அந்த மழுப்பல் இன்றுவரை உறுத்துகிறது. கோடிக்கணக்கானவர்களிடம் ஓர் எண்ணைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அதன் பொருளை உட்கார்ந்து சொல்ல ஆள் இல்லை. பள்ளிக்கூடத்து வகுத்தல் கணக்கு தெரிந்த எவருக்கும் புரியக்கூடிய விஷயம்தான். அவருக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

162-உம் 8-உம்

அந்த 95 எங்கே பிறந்தது என்று முதலில் பார்க்கலாம். 2020-இல் ஃபைசர், பயோஎன்டெக் நிறுவனங்கள் தங்கள் தடுப்பூசியைச் சோதிக்க ஏறத்தாழ 43,000 பேரைச் சேர்த்தன. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குத் தடுப்பூசி, மறுபாதிக்கு வெறும் உப்புநீர். தனக்கு எது ஏறியது என்பது ஊசி பெற்றவருக்குத் தெரியாது. பின்னால் நோயைக் கணித்த மருத்துவருக்கும் தெரியாது. இரண்டாம் தவணை போட்டு ஏழு நாள் கழித்து எண்ணத் தொடங்கினார்கள். ஏற்கெனவே தொற்று வந்த தடயம் இல்லாதவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பக்கத்துக்குச் சுமார் 18,000 பேர். உப்புநீர்ப் பக்கம் 162 பேருக்கு நோய் வந்தது. தடுப்பூசிப் பக்கம் 8 பேருக்கு.

இரண்டு பக்கமும் ஆட்களின் எண்ணிக்கை ஏறக்குறைய சமம். ஆகவே ஊசிக்கு எந்தப் பலனும் இல்லையென்றால் இந்தப் பக்கத்திலும் ஏறத்தாழ 162 பேர் விழுந்திருக்க வேண்டும். விழுந்தவர்கள் 8 பேர்தான்; 154 பேர் தப்பினார்கள். 154-ஐ 162-ஆல் வகுத்தால் 0.95. அந்த 95 சதவீதம் இதுதான்.

பெரியம்மாவின் கேள்விக்கு இப்போது திரும்பலாம். ஊசி போட்ட நூறு பேரில் ஐந்து பேருக்கு நோய் வந்ததா? இல்லை. 18,000 பேரில் 8 பேருக்குத்தான் வந்தது, அதாவது பத்தாயிரத்தில் நான்கைந்து பேர். உப்புநீர் போட்டவர்களில் ஆயிரத்துக்கு ஒன்பது பேர். 95 என்ற எண் ஊசி போட்டவர்களை மட்டும் பார்த்துக் கிடைத்ததல்ல. இரண்டு கூட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தபோது கிடைத்தது. ஊசி போடாதவர்களின் அபாயத்தை நூறு என்று வைத்தால், போட்டவர்களின் அபாயம் ஐந்து. அவ்வளவே அது சொல்கிறது.

இதில் இருந்தே இன்னொன்றும் வரும். தூறலில் குடை பிடித்துப் போகிறவர் நனையாமல் வீடு சேர்வார். அடைமழையில் அதே குடையைப் பிடித்தவரின் கால் நனையும், தோள் நனையும். குடை மாறவில்லை, மழைதான் மாறியது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்களைப் பின்தொடர்ந்த காலம் சராசரியாக இரண்டு மாதம்தான். ஊரெல்லாம் நோய் பரவும்போது இரண்டு பக்கத்திலும் எண்ணிக்கை ஏறும். விகிதம் அப்படியே இருந்தாலும், ஊசி போட்டும் நோய் வந்தவர்கள் நம் தெருவில், நம் வீட்டில் தென்படத் தொடங்குவார்கள்.

எட்டு, 162 போன்ற சிறிய எண்களில் தற்செயலுக்கும் இடம் உண்டு. 8-க்குப் பதில் 5 ஆகவோ 14 ஆகவோ இருந்திருக்கலாம். ஆகவே 95-ஐத் தனியாகச் சொல்லாமல் 90.3 முதல் 97.6 வரை என்று ஓர் எல்லையோடுதான் ஆய்வறிக்கை சொன்னது. செய்தித்தாளுக்கு வரும்போது எல்லை உதிர்ந்து, நடு எண் மட்டும் வந்து சேர்ந்தது. ஓர் ஆய்வின் எல்லை 20 முதல் 85 வரை என்று விரிந்து கிடந்தால், நடுவில் உள்ள எண்ணை நான் அதிகம் பொருட்படுத்துவதில்லை.

இந்தக் கணக்கு ஒன்றும் புதிதல்ல. மேஜர் கிரீன்வுட், உட்னி யூல் என்ற இரண்டு பிரிட்டிஷ் புள்ளியியலாளர்கள் டைஃபாய்டு, காலரா ஊசிகளைப் பற்றி 1915-இலேயே இப்படி ஆராய்ந்தார்கள். இரண்டு கூட்டங்களும் எல்லா வகையிலும் ஒத்தவர்களாக இருக்க வேண்டும், இரண்டும் நோய்க்கு ஒரே அளவில் ஆட்பட வேண்டும், யாருக்கு ஊசி போடப்பட்டது என்பதும் யாருக்கு நோய் வந்தது என்பதும் ஒன்றையொன்று சாராமல் முடிவாக வேண்டும் என்று அவர்கள் நிபந்தனை வைத்தார்கள். நூறாண்டு கழித்தும் தடுப்பூசி ஆய்வுகள் தடுக்கி விழுவது இந்த மூன்றில் ஏதோ ஒன்றில்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த 162-உம் 8-உம் அறிகுறியோடு வந்து பரிசோதனையில் உறுதியானவர்களின் எண்ணிக்கை. காய்ச்சல், இருமல் எதுவும் இல்லாமல் மூக்கில் வைரஸைச் சுமந்து திரிந்தவர்கள் அதில் சேரமாட்டார்கள். தொற்று வேறு, நோய் வேறு, மருத்துவமனை வரை போகும் கடும் நோய் வேறு, மரணம் வேறு. ஒரே தடுப்பூசிக்கு இந்த ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு சதவீதம் இருக்கும். மேலே போகப்போகப் பாதுகாப்பு கூடும். 'எதற்கு எதிராக' என்ற சொல் இல்லாமல் வரும் சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை என்பேன்.

இஸ்ரேல் மருத்துவமனைகளின் கணக்கு

2021 ஆகஸ்ட் நடுவில் இஸ்ரேலில் இருந்து ஒரு செய்தி வந்து உலகையே கலக்கியது. கடும் கொரோனாவோடு அங்கே மருத்துவமனைகளில் இருந்த 515 பேரில் 301 பேர் இரண்டு தவணையும் போட்டவர்கள். நூற்றுக்கு 58 பேர்! ஊசியால் என்ன பயன் என்று கேட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்த எண்ணை அப்படியே கையில் கொடுத்தால் எவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகப் புள்ளியியல் பேராசிரியர் ஜெஃப்ரி மோரிஸ் அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தார். 12 வயதைத் தாண்டிய இஸ்ரேலியரில் கிட்டத்தட்ட 79 சதவீதம் பேர் இரண்டு தவணை போட்டிருந்தார்கள். ஒன்றுமே போடாதவர்கள் 18 சதவீதம். ஒரு நாட்டில் எல்லோருமே ஊசி போட்டுவிட்டால் மருத்துவமனையில் இருப்பவர்களில் நூற்றுக்கு நூறு பேரும் ஊசி போட்டவர்களாகத்தானே இருப்பார்கள்? ஆகவே நோயாளிகளின் எண்ணிக்கையை, எத்தனை பேரில் இருந்து வந்தார்கள் என்பதால் வகுக்க வேண்டும். வகுத்தால், ஊசி போடாத லட்சம் பேரில் 16.4 பேருக்குக் கடும் நோய். போட்ட லட்சம் பேரில் 5.3 பேருக்கு. பாதுகாப்பு 67.5 சதவீதம்.

அத்தோடு விட்டிருந்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்பார். அவர் வயதையும் பிரித்தார். ஐம்பதுக்குக் கீழே, ஊசி போடாதவர்களில் லட்சத்துக்கு 3.9 பேர், போட்டவர்களில் 0.3 பேர், பாதுகாப்பு ஏறத்தாழ 92 சதவீதம். ஐம்பதும் அதற்கு மேலும், போடாதவர்களில் லட்சத்துக்கு 91.9 பேர், போட்டவர்களில் 13.6 பேர், பாதுகாப்பு 85 சதவீதம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இளையவர்களுக்கு 92, மூத்தவர்களுக்கு 85. இரண்டையும் சேர்த்தால் நடுவில் ஏதோ ஓர் எண் வர வேண்டும். வந்ததோ இரண்டுக்கும் கீழே, 67.5. முதன்முறை இதைப் பார்த்தபோது கணக்கில் பிழை என்றே நினைத்துத் தாளில் போட்டுப் பார்த்தேன். பிழை இல்லை. மூத்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஊசி போட்டிருந்தார்கள். போடாதவர்களில் பெரும்பாலோர் இளையவர்கள். வயதைப் பார்க்காமல் மொத்தமாக ஒப்பிட்டபோது, ஊசி போட்ட முதியவர்களை ஊசி போடாத இளைஞர்களோடு நிறுத்திப் பார்த்துவிட்டோம். மேலே உள்ள எண்களில் அதுவும் தெரிகிறது: ஊசி போட்ட மூத்தவரின் அபாயம் 13.6, ஊசி போடாத இளையவரின் அபாயம் 3.9. ஊசி முதியவரைப் பெரிதும் காப்பாற்றியது. அவரை இருபது வயதுக்காரராக மாற்றவில்லை. பிரித்துப் பார்த்தால் ஒன்றும் சேர்த்துப் பார்த்தால் வேறொன்றும் தெரிவதைப் புள்ளியியலில் சிம்ப்சன் முரண் என்பார்கள். கிரீன்வுட்டும் யூலும் சொன்ன முதல் நிபந்தனை இங்கேதான் உடைந்தது.

மூக்குக்கு ஒரு கணக்கு, நுரையீரலுக்கு ஒரு கணக்கு

ஒருமுறை வந்தால் ஆயுளுக்கும் திரும்ப வராத நோய்கள் உண்டு. 1846-இல் வட அட்லாண்டிக்கின் பரோயே தீவுகளில் தட்டம்மை பரவியது. அங்கே இருந்த ஏறத்தாழ 7,800 பேரில் சுமார் 6,000 பேர் படுத்துவிட்டார்கள். அதை ஆராயப் போன பீட்டர் பானும் என்ற இளம் டேனிஷ் மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். 1781-இல் அந்தத் தீவுகளில் தட்டம்மை வந்து போயிருந்தது. அப்போது அது வந்து பிழைத்த முதியவர்கள் 65 ஆண்டு கழித்தும் இந்த முறை தப்பிவிட்டார்கள். இடையில் அந்த நோயை அவர்கள் உடல் சந்திக்கவே இல்லை; ஆனாலும் மறக்கவில்லை.

சளிக் காய்ச்சல் வைரஸ்களோ வேறு கதை. இங்கிலாந்தின் சால்ஸ்பரியில் ஜலதோஷத்தை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் பல ஆண்டுகள் இயங்கியது. அங்கே சாதாரணச் சளியை உண்டாக்கும் 229இ என்ற கொரோனா வைரஸைத் தன்னார்வலர்கள் 15 பேரின் மூக்கில் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். 10 பேருக்குத் தொற்றியது. ஓராண்டு கழித்து அந்தப் பத்தில் ஒன்பது பேர் திரும்பி வந்தார்கள். அதே வைரஸ், அதே மூக்கு. ஆறு பேருக்கு மறுபடி தொற்றியது. ஆனால் அந்த ஆறில் ஒருவருக்குக்கூடச் சளி பிடிக்கவில்லை. வைரஸ் மூக்கில் இருந்து வெளியேறிய நாட்களும் முந்தைய முறையைவிடக் குறைவு. 1990-இல் வெளியான இந்தச் சிறிய ஆய்வுக்கு முப்பது ஆண்டு கழித்து உலகம் முழுவதும் நடந்ததை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. மறுபடி தொற்றலாம், ஆனால் உடல் அதைக் கையாளும் விதம் மாறிவிடும் என்பது அந்தப் பதினைந்து பேரிடமே தெரிந்திருந்தது.

ஏன் இந்த வேறுபாடு? விடை பெரும்பாலும் இடத்திலும் காலத்திலும் இருக்கிறது. தட்டம்மை வைரஸ் மூச்சு வழியாக நுழைந்தாலும், இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பரவித்தான் நோயாகிறது. காய்ச்சல் வரவே பத்து நாள் போல ஆகும். கொரோனாவும் ஃப்ளூவும் மூக்கிலும் தொண்டையிலும் இறங்கிய இடத்திலேயே பெருகத் தொடங்குகின்றன. ஒமைக்ரானுக்கு மூன்று நாள் போதும்.

நம் நோயெதிர்ப்பு இரண்டு அடுக்காக வேலை செய்கிறது. எதிர்ப்பொருள்கள் வாசலில் நிற்கும் காவலர்கள். அவர்கள் போதிய அளவில் இருந்தால் வைரஸ் செல்லுக்குள் நுழையவே முடியாது. ஆனால் ஊசி போட்ட சில மாதங்களில் அவற்றின் அளவு இறங்கிவிடும். கையில் போடும் ஊசி இரத்தத்தில் எதிர்ப்பொருள்களை நிறைய உண்டாக்கினாலும், மூக்கின் ஈரச் சவ்வில் அவ்வளவாகச் சேர்ப்பதில்லை. இரண்டாவது அடுக்கு நினைவு செல்கள். பி செல்களும் டி செல்களும் எதிரியின் முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருக்கும். எதிரி வந்ததும் அவை விழித்துப் பெருகி வேலைக்கு வரச் சில நாட்கள் பிடிக்கும். தட்டம்மையில் அந்த நாட்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. கொரோனாவில் கிடைப்பதில்லை, அதற்குள் மூக்கில் தொற்று வந்துவிடுகிறது, தும்மலும் காய்ச்சலும் தொடங்கிவிடுகின்றன. வைரஸ் நுரையீரலுக்கு இறங்கப் பார்க்கும்போது நினைவுப் படை எதிரே நிற்கிறது. தொற்றுக்கு எதிரான பாதுகாப்பு சீக்கிரம் தேய்வதும், கடும் நோய்க்கு எதிரான பாதுகாப்பு நின்று பிடிப்பதும் இதனால்தான். பெரியம்மாவின் ஐந்து நாள் காய்ச்சல் ஆறாம் நாள் அடங்கியதிலும் இந்தச் செல்களுக்குப் பங்கு இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

தேய்மானத்தோடு வைரஸின் உருமாற்றமும் சேர்ந்துகொள்கிறது. கத்தாரில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. முன்பு ஒருமுறை தொற்று வந்தவருக்கு, ஆல்பா திரிபால் மறுபடி தொற்று வராமல் இருந்த பாதுகாப்பு 90 சதவீதம், டெல்டாவுக்கு எதிராக 92. ஒமைக்ரான் வந்ததும் அது 56 ஆக விழுந்தது. ஆனால் ஒமைக்ரானால் வரும் கடும் நோய்க்கு எதிராக அதே பழைய தொற்று ஏறத்தாழ 88 சதவீதம் பாதுகாத்தது. வாசல் காவலரை ஏமாற்றும் வேடம் நினைவு டி செல்களிடம் அவ்வளவாகப் பலிக்கவில்லை. வைரஸின் பல பகுதிகளை அவை அடையாளம் வைத்திருப்பதால், சில பகுதிகள் மாறினாலும் மற்றவற்றை வைத்துப் பிடித்துவிடுகின்றன.

இங்கிலாந்தின் எண் பெரியம்மாவின் கதையோடு அப்படியே பொருந்துகிறது. ஃபைசர் ஊசி இரண்டு தவணை போட்டவர்களுக்கு, அறிகுறியோடு வரும் ஒமைக்ரானுக்கு எதிராக, இரண்டு முதல் நான்கு வாரத்தில் 65.5 சதவீதப் பாதுகாப்பு இருந்தது. 25 வாரம் தாண்டியவர்களுக்கு அது 8.8. எந்தக் காய்ச்சல் வந்ததற்காக அவர் ஏமாந்துபோனாரோ, அந்தக் காய்ச்சலைத் தடுக்கும் பாதுகாப்பு அவரிடம் அநேகமாக மிச்சமே இல்லை. 95 என்ற எண்ணுக்கும் அவர் இருந்த நிலைக்கும் இடையே வேறொரு திரிபும் ஆறேழு மாதமும் இருந்தன.

எது மறுதொற்று?

கேட்பதற்குச் சுலபமான கேள்வி. ஒருவருக்கு இன்று பரிசோதனையில் தொற்று உறுதியாகிறது, ஐந்து வாரம் கழித்து மறுபடி உறுதியாகிறது. இரண்டாவது தொற்றா? பி.சி.ஆர். பரிசோதனை வைரஸின் மரபுப் பொருளைத் தேடுகிறது. உயிரோடு பெருகும் வைரஸா, செத்துப்போன வைரஸின் துணுக்கா என்று அதற்குத் தெரியாது. துணுக்குகள் வாரக்கணக்கில் மூக்கில் தங்கியிருக்கும். உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் இரண்டு மாதிரிகளின் மரபணுத் தொடரையும் படித்து ஒப்பிட வேண்டும். 2020 ஆகஸ்டில் ஹாங்காங்கில் அப்படித்தான் முதல் மறுதொற்று நிரூபணமானது. வெளிநாட்டில் இருந்து திரும்பிய ஒருவருக்கு விமான நிலையப் பரிசோதனையில் தொற்று தெரிந்தது; முதல் தொற்று வந்து 142 நாள் ஆகியிருந்தது; இரண்டு வைரஸ்களின் மரபணுத் தொடரும் வேறுவேறு. இரண்டாம் முறை அவருக்கு அறிகுறியே இல்லை.

லட்சக்கணக்கானவர்களுக்கு இப்படி மரபணு படிக்க முடியாது. ஆகவே பெரும்பாலான ஆய்வுகள் ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டன: முதல் தொற்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 90 நாள் இருந்தால் அது மறுதொற்று. வசதிக்காகப் போட்ட கோடு அது. டெல்டா வந்து இரண்டே மாதத்தில் ஒமைக்ரான் தொற்றியவர்கள் கணக்கில் வராமல் போனார்கள். வீட்டிலேயே பரிசோதித்துக்கொண்டு யாரிடமும் சொல்லாதவர்களும், பரிசோதிக்கவே செய்யாதவர்களும் எந்தக் கணக்கிலும் இல்லை.

கணக்கு நேராக நடந்த இடம் டென்மார்க். அங்கே 2020-இல் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். எல்லா முடிவுகளும் ஒரே பதிவேட்டுக்குப் போகும். முதல் அலையில் தொற்று உறுதியான 11,068 பேரை இரண்டாம் அலை வரை பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 72 பேருக்கு மறுபடி வந்தது, 0.65 சதவீதம். முதல் அலையில் பரிசோதித்துத் தொற்று இல்லை என்று வந்தவர்கள் 5,14,271 பேர். அவர்களில் 16,819 பேருக்கு இரண்டாம் அலையில் வந்தது, 3.27 சதவீதம். முன்னே செய்த அதே வகுத்தலைச் செய்யுங்கள்: 0.65-ஐ 3.27-ஆல் வகுத்து ஒன்றில் இருந்து கழித்தால் ஏறத்தாழ 80 சதவீதம். தடுப்பூசிக்குப் பயன்படும் கணக்கே பழைய தொற்றின் பாதுகாப்புக்கும் பயன்படுகிறது. வயது போன்றவற்றைச் சரிசெய்த பின் 80.5 என்று அறிக்கை சொன்னது. 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும் பார்த்தால் 47 சதவீதம்தான். இந்த ஒற்றை எண் எனக்குப் பெரிய கவலையைத் தந்தது. 'ஒருமுறை வந்துவிட்டது, இனிப் பயமில்லை' என்று சொல்லிக்கொண்டவர்களில் முதியவர்களும் உண்டு.

ஆய்வு சறுக்கும் இடங்கள்

ஊசி கடைக்கு வந்துவிட்ட பிறகு யாருக்கும் குலுக்கிப் போட்டு உப்புநீர் ஏற்ற முடியாது, நியாயமும் இல்லை. தாமாகப் போட்டுக்கொண்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிடுவதுதான் மிஞ்சிய வழி. அந்த இரண்டு கூட்டங்களும் ஒத்தவர்கள் அல்ல.

அமெரிக்காவில் முதியவர்களின் ஃப்ளூ ஊசியைப் பற்றி 2006-இல் வெளியான ஆய்வு ஒன்று இதை அழகாகப் பிடித்துக் காட்டியது. ஊசி போட்ட முதியவர்கள் போடாதவர்களைவிடக் குறைவாக இறந்தார்கள். நல்லது. ஆனால் ஃப்ளூ பரவத் தொடங்குவதற்கு முன்பேயும் அவர்கள் குறைவாகத்தான் இறந்தார்கள். வைரஸே ஊரில் இல்லாதபோது ஊசி எதிலிருந்து காப்பாற்றியிருக்கும்? எழுந்து நடமாட முடிந்தவர்கள்தான் ஊசி போடப் போனார்கள். படுக்கையில் கிடந்தவர்கள் போகவில்லை. ஊசியின் பலன் என்று தெரிந்ததில் ஒரு பகுதி அவர்களிடம் முன்பே இருந்த உடல்நலம்.

இதைச் சமாளிக்க ஒரு நல்ல உபாயம் உண்டு. இருமலோடு மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, எல்லோரையும் பரிசோதிப்பார்கள். சிலருக்குத் தேடும் வைரஸ் இருக்கும், சிலருக்கு வேறு ஏதோ சளி. இரண்டு தரப்பும் உடம்பு சரியில்லை என்றதும் மருத்துவரிடம் வந்தவர்கள். அந்த வகையில் ஒத்தவர்கள். ஒரு கற்பனைக் கணக்கு: வைரஸ் இருந்த 200 பேரில் 60 பேர் ஊசி போட்டவர்கள், 140 பேர் போடாதவர்கள். வைரஸ் இல்லாத 200 பேரில் 120 பேர் போட்டவர்கள், 80 பேர் போடாதவர்கள். 60-ஐ 140-ஆல் வகுத்தால் 0.43, 120-ஐ 80-ஆல் வகுத்தால் 1.5. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 0.29. ஒன்றில் இருந்து கழித்தால் பாதுகாப்பு 71 சதவீதம். ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசிக்கு வரும் சதவீதங்கள் பெரும்பாலும் இப்படிக் கிடைப்பவை. 2014-15 குளிர்காலத்தில் பரவிய வைரஸ் ஊசியில் இருந்ததோடு பொருந்தாமல் போய், அமெரிக்காவில் பாதுகாப்பு 19 சதவீதமாக விழுந்தது தெரியவந்ததும் இந்த முறையில்தான்.

இன்னொரு சறுக்கல் கண்ணுக்கே தெரியாது. மாதங்கள் போகப்போக, ஊசி போடாதவர்களுக்கு வரிசையாகத் தொற்று வந்து, அவர்களுக்கும் எதிர்ப்பு சக்தி ஏறிவிடும். ஏட்டில் அவர்கள் 'ஊசி போடாதவர்'. உடலில் பாதுகாப்பு இருக்கிறது. இரண்டு கூட்டத்துக்கும் இடையிலான தூரம் குறையக் குறைய, ஊசி உண்மையில் தேய்ந்ததைவிட அதிகமாகத் தேய்ந்ததாகக் கணக்கு காட்டும்.

'தொற்று வந்து கிடைக்கும் எதிர்ப்பு சக்தியே மேல்' என்ற வாதமும் இதனோடு சேர்ந்தே வரும். அந்தப் பாதுகாப்பு மெய்தான். 19 நாடுகளின் 65 ஆய்வுகளைச் சேர்த்து 2023-இல் வெளியான தொகுப்பாய்வில், முதல் தொற்று வந்து 40 வாரம் ஆன பிறகும் ஒமைக்ரானால் வரும் கடும் நோய்க்கு எதிராக 89 சதவீதம் போலப் பாதுகாப்பு இருந்தது. மறுதொற்றுக்கு எதிராகவோ 36 சதவீதம். ஆனால் மறுதொற்றை எண்ணும் ஆய்வில் முதல் தொற்றில் இறந்தவர் இருக்கமாட்டார். பிழைத்தவர்களைக் கொண்டுதான் அந்த 89 கணக்கிடப்பட்டது. பாதுகாப்பைப் பெறக் கொடுத்த விலை எண்ணில் தெரியாமல் போகிறது. எனக்கு இது வெறும் கணக்கு நுணுக்கமாகப் படவில்லை. இந்த எண்ணைச் சொல்லும் எவரும் அந்த விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொற்று வந்தவரும் பிறகு ஊசி போட்டுக்கொண்டால் கூடுதல் பயன் உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், 2020-இல் தொற்று வந்தவர்களில் பிறகு ஊசி போடாதவர்களுக்கு 2021 மே, ஜூனில் மறுதொற்று வரும் வாய்ப்பு ஊசி போட்டவர்களோடு ஒப்பிட்டால் 2.34 மடங்கு இருந்தது.

இன்றைய நிலையில் ஊசியோ தொற்றோ இரண்டுமோ காணாத பெரியவர் உலகில் அரிது. ஆகவே புதிய தவணைகளின் ஆய்வில் ஒப்பீட்டின் எதிர்ப்பக்கமே மாறிவிட்டது. 2023 இறுதியில் அமெரிக்காவில் புதுப்பிக்கப்பட்ட கொரோனா ஊசிக்கு, அறிகுறியோடு வரும் நோய்க்கு எதிராக 54 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். 95-இல் இருந்து 54-க்கு இறங்கிவிட்டதாகப் பலர் படித்தார்கள். 2020-இல் எதிரே நின்றவர் அந்த வைரஸைக் கண்டே இராதவர். 2023-இல் எதிரே நின்றவர் பழைய தவணைகளும் பழைய தொற்றுகளும் தந்த பாதுகாப்போடு நின்றவர். அதற்கு மேல் புதிதாகச் சேர்ந்ததுதான் அந்த 54.

அந்தக் கூடுதல் யாருக்கு எவ்வளவு பெரிது என்பது வயதைப் பொறுத்தது. இஸ்ரேல் எண்களையே மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பதுக்குக் கீழே 3.9 பேர் 0.3 ஆனார்கள், லட்சத்தில் நான்கு பேருக்கும் குறைவாகத் தப்பினார்கள். ஐம்பதுக்கு மேலே 91.9 பேர் 13.6 ஆனார்கள், லட்சத்தில் 78 பேர் தப்பினார்கள். சதவீதம் 92-உம் 85-உம். தப்பியவர்களோ இருபது மடங்குக்கு மேல். பெரியம்மா எழுபதைத் தாண்டியவர். அவர் அந்த 78 பேரின் பக்கத்தில் இருக்கிறார்.